போர் நினைவிடம் வடிவமைத்துத் தந்த குழு: கல்லில் கெட்டி, காகிதத்தில் ஓட்டை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. இடத்தைப் புரிந்துகொண்டதற்கும் கல் தேர்வுக்கும் முழு மார்க் தரலாம். பெயர்ப்பட்டியலைக் கையாண்ட விதத்துக்கும், ஒப்படைத்த பிறகு போனை எடுக்காமல் போனதற்கும் சேர்த்து ஒன்றரையைக் கழித்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை, இப்போது பெயர் போட்டு எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தாலே பாதி தலைவலி குறையும், அதனால்தான் இவ்வளவு நீளம்.

வேலை இதுதான். படைப்பணியில் உயிர்நீத்தவர்களுக்குப் பொது இடத்தில் ஒரு நினைவிடம், சில நூறு பெயர்கள், யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் வந்து போகலாம். எங்கள் கமிட்டியில் குடும்பத்தினர், முன்னாள் படைவீரர்கள், இடம் ஒதுக்கிய அலுவலகத்தின் ஆட்கள், அப்புறம் கடிதம் எழுதவும் மினிட்ஸ் எழுதவும் நான். இடத்தை ஆராய்வதில் தொடங்கி வரைபடம், மாதிரி, கல் கொள்முதல், எழுத்து செதுக்குவது, மேற்பார்வை, ஒப்படைப்பு வரை மொத்தமாக ஒரே நிறுவனத்திடம் கொடுத்தோம்.

இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், மற்றவர்கள் எல்லோரும் முதல் சந்திப்புக்கே த்ரீடி படத்தோடு வந்தார்கள். அந்திவானம், பறக்கும் கொடி, இறக்கை விரித்த கழுகு, தலைகீழாக நட்ட துப்பாக்கியும் அதன்மேல் ஒரு ஹெல்மெட்டும், நான்கு பேர் படத்திலும் அதே ஹெல்மெட். இவர்கள் ஒரு நோட்டோடு வந்து, உங்கள் ஆட்கள் இங்கே வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். யாரும் எதிர்பார்க்காத கேள்வி. கொஞ்ச நேரம் கழித்து ஓர் அம்மா, "என் பையன் பெயரைத் தொடணும், எட்டாத உயரத்துல வெச்சிடாதீங்க" என்றார். இன்னொருவர் உட்கார இடம் வேண்டும் என்றார். ஒரு முன்னாள் வீரர், கூட்டம் கூடும் நாளில் தான் வரப்போவதில்லை, யாரும் இல்லாத நேரத்தில்தான் வருவேன் என்றார். இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போனார்கள், அடுத்த முறை கொண்டுவந்த வரைபடத்தில் மூன்றும் இருந்தன. பெயர் வரிசை முழங்காலுக்கு மேலே தொடங்கி, கையை உயர்த்தினால் எட்டும் இடத்தில் முடிந்தது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொடக்கூடிய வரிசைகள் எவை என்று தனியாக நிறம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவர் நடுவில் சுமார் 3 மீட்டர் உயரம், மேல்வரிசைப் பெயரைக் காகிதத்தில் தேய்த்துப் படியெடுக்க ஏணி வேண்டும். 58,000-க்கு மேல் பெயர்கள் இருந்தால் அதைத் தவிர்க்க முடியாது, சில நூறு பெயர்களுக்கு அந்த உயரம் எதற்கு?

இடம் தேர்வில் இவர்கள் செய்த வேலைக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு இரண்டு இடங்கள் காட்டப்பட்டிருந்தன. ஒன்று பெரிய சாலைச் சந்திப்பின் நடுத்திட்டு, எல்லோர் கண்ணிலும் படும், அதனாலேயே இடம் ஒதுக்கியவர்களுக்கு அதன்மேல் ஆசை. இன்னொன்று பூங்காவின் ஒரு மூலை. இவர்கள் இரண்டு இடத்திலும் காலை, மதியம், இரவு என்று உட்கார்ந்து இரைச்சலை அளந்தார்கள், நடந்து போய்ச் சேர எத்தனை முறை சாலையைக் கடக்க வேண்டும் என்று பார்த்தார்கள். கமிட்டியில் ஒருவர், லண்டனில் செனொடாஃப் என்ற போர் நினைவுச்சின்னம் நடுரோட்டில்தானே நிற்கிறது என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு அவர்கள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1920-இல் கல்லில் எழுப்பிய அந்தச் சின்னத்தில் தனிப்பட்ட பெயர்கள் கிடையாது, மொத்தமாக வணங்கிவிட்டுப் போகும் இடம் அது, ஆண்டுக்கு ஒருமுறை சாலையை அடைத்து நிகழ்ச்சி நடத்தினால் போதும். பெயர் இருந்தால் ஒருவர் வந்து தேடுவார், நிற்பார், குனிவார், போட்டோ எடுப்பார், அழுவார். அதற்கு இடம் வேண்டும், ஹாரன் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும். பூங்கா மூலை என்று முடிவானது.

சிலை விவகாரத்தில் மட்டும் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. முன்னாள் வீரர்கள் பாதிப் பேர் சீருடையில் ஓர் உருவமாவது இருக்கட்டும் என்றார்கள். வடிவமைப்பாளர் பிடிகொடுக்கவில்லை. உருவம் வைத்தால் அதற்கு ஒரு காலம், ஒரு படைப்பிரிவு, ஓர் ஆயுதம், ஒரு முகம் வந்துவிடும், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள் என்பது அவர் வாதம். வியட்நாம் சுவருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதே சண்டைதான். 1,421 பேர் கலந்துகொண்ட போட்டியில் மாயா லின் என்ற 21 வயது மாணவியின் வடிவம் வென்றது. தரைக்குள் இறங்கும் கறுப்புச் சுவரைப் பார்த்து, இது கௌரவமா அவமானமா என்று ஒரு பெரும் தரப்பே கொதித்தது. கடைசியில் சமாதானமாக, மூன்று வீரர்கள் நிற்கும் வெண்கலச் சிலை 1984-இல் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டது. இன்று சுவரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, சிலையையும் யாரும் வெறுப்பதில்லை. எங்களுக்கும் அப்படி நுழைவாயில் பக்கம் ஒன்று வைத்திருக்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் இது என்ன இடம் என்று சொல்லிக் காட்ட ஓர் உருவம் இருந்தால் சுலபம், வெறும் சுவரைப் பார்த்து ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? ஆனால் வடிவமைப்பாளர் பேசிய விதத்தில் மரியாதை இருந்தது. எதிர்த்துப் பேசிய ஐயாக்கள்கூட, "சரி தம்பி, நீங்க படிச்சவங்க" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தார்கள்.

கல்லுக்கு வருவோம். எல்லோருக்கும் வியட்நாம் சுவர் மாதிரி கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கிரானைட் வேண்டும். அந்தக் கல்லே பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனதுதான் என்று தெரிந்ததும் ஆசை இன்னும் கூடிவிட்டது. பெயர்களுக்கு நடுவில் நம் முகம் தெரியும் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. இவர்கள் வேண்டாம் என்று வாயால் சொல்லவே இல்லை. முழு அளவில் மூன்று பலகைகள் செய்து, ஒன்று பாலிஷ் போட்ட கறுப்பு, ஒன்று மங்கலாக இழைத்தது, ஒன்று நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கியது, மூன்றையும் தேர்ந்தெடுத்த இடத்திலேயே வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள் என்றார்கள். உச்சிவெயிலில் கறுப்புப் பலகையில் கை வைத்தவர்கள் உடனே இழுத்துக்கொண்டார்கள், அதோடு எதிர்வெயிலில் பெயர் ஒன்றும் தெரியவில்லை, வானமும் மரமும்தான் தெரிந்தன. சுட்ட பலகையில் கை சுகமாக இருந்தது, ஆனால் எழுத்தின் ஓரம் பொடிந்து பிசிறடித்தது. நடுவில் இருந்த சாம்பல் நிறக் கல், மங்கலாக இழைத்தது, அதுதான் தேறியது. கூட்டத்தில் பேசிப் பேசி முடியாத விஷயத்தை அந்த மூன்று பலகைகள் பேச்சே இல்லாமல் முடித்தன. நீங்கள் யாரை அமர்த்தினாலும் சரி, முழு அளவு மாதிரியை அதே இடத்தில் வைத்துக் காட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். ஏசி அறையில் உள்ளங்கை அளவுத் துண்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் நிறைய.

ஒருவர் சலவைக்கல் கேட்டார், அதற்கும் பதில் இருந்தது. சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் மழையிலும் புகையிலும் மெல்ல மெல்லக் கரையும், எழுத்தின் விளிம்பு முதலில் போகும். உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் நாட்டு வீரர்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், போர்ட்லாண்ட் சுண்ணாம்புக்கல்லில் வைத்த கல்லறைக் கற்களை எழுத்து மங்க மங்க மறுபடி செதுக்கியோ மாற்றியோ வருகிறது, அதற்கென்றே ஆட்களும் இயந்திரங்களும் உண்டு. நம் மாதிரி கமிட்டிக்கு அதெல்லாம் கட்டுபடியாகாது.

எழுத்து செதுக்குவது பற்றி நான் கற்றுக்கொண்டதே இவர்களிடம்தான். வியட்நாம் சுவரில் எழுத்தின் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, மணல் வீச்சில் மேல்தோலை மட்டும் உரித்ததுபோல. அங்கே அது போதும், ஏனென்றால் பளபளப்பான கறுப்பில் லேசாகக் கீறினாலே வெளுப்பாகத் தெரியும். மங்கலாக இழைத்த சாம்பல் கல்லில் அந்த நிற வேறுபாடு கிடையாது, எழுத்து தெரிய நிழல் விழ வேண்டும், நிழல் விழ ஆழம் வேண்டும். அதனால் உளிபோல் இரு பக்கமும் சரிந்த பள்ளமாக இயந்திரத்தில் வெட்டினார்கள். எழுத்துக்குள் பெயிண்ட் அடிக்கலாமே என்று கேட்டதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். சில மழைக்காலம் போனால் உரியும், பாதி உரிந்த பெயர் பெயிண்டே அடிக்காத பெயரைவிட மோசமாகத் தெரியும் என்றார்கள். நியாயம்தான். தமிழில் செதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன்: நம் எழுத்தில் புள்ளி சின்னதாகப் போட்டால் கல்லின் துகளோடு துகளாகப் போய்விடும், புள்ளி இல்லாவிட்டால் பெயரே வேறு. திரையில் அழகாகத் தெரியும் மெல்லிய எழுத்துருவைக் கல்லுக்குக் கொண்டுபோகாமல், புள்ளியும் சுழியும் தடிமனாக வரும்படி தனியாகத் திருத்தச் சொல்லுங்கள்.

விளக்கும் இதோடு சேர்ந்ததுதான். முதலில் எங்கள் மின்வேலைக்காரர் சுவருக்கு நேரே பெரிய ஃப்ளட்லைட் வைத்தார், சுவர் பளிச்சென்று இருந்தது, ஒரு பெயரும் தெரியவில்லை. நேரே அடிக்கும் வெளிச்சம் பள்ளத்தின் நிழலை அழித்துவிடும். வடிவமைப்புக் குழுவின் ஆள் வந்து, சுவரின் அடியிலேயே ஒட்டினாற்போல் விளக்குகளை மேல்நோக்கி வைத்ததும் எழுத்து எழுந்து நின்றது. இரவில்தான் இப்போது அதிகம் பேர் வருகிறார்கள்.

பெயர்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் கமிட்டி ஏறக்குறைய உடைந்தது. பதவி வரிசைப்படி, பெரிய அதிகாரி மேலே என்று ஒரு தரப்பு. அகர வரிசை என்று ஒரு தரப்பு. வடிவமைப்பாளர் இங்கே வரலாற்றைப் பேசினார், அலட்டாமல். 1917-இல் தொடங்கிய அந்தக் கல்லறை ஆணையத்துக்கு 1918-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநர் ஃபிரெடரிக் கென்யன் ஓர் அறிக்கை கொடுத்தார், அதிகாரியோ சிப்பாயோ எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல் என்ற நடைமுறை அதிலிருந்து உறுதியானது. பணக்காரக் குடும்பங்கள் எதிர்த்தும் மாற்றவில்லை. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பெயர்ச்சுவரில் பதவியும் இல்லை, பதக்கமும் இல்லை. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகப் பிரான்ஸில் 2014-இல் திறந்த நினைவு வளையம் இன்னும் ஒரு படி மேலே, ஏறத்தாழ 5,80,000 பெயர்கள், நண்பன் எதிரி என்று பிரிக்காமல், நாடும் பதவியும் போடாமல், வெறும் அகர வரிசை. அதற்குப் பிறகு பதவி வரிசை என்ற பேச்சு அடங்கிவிட்டது. அகர வரிசையா தேதி வரிசையா என்பதுதான் மிச்சம். ஒரே சம்பவத்தில் போன நான்கு பேரை அகர வரிசை நான்கு மூலைக்குப் பிரித்துவிடும், ஆனால் அவர்களோடு இருந்து திரும்பி வந்தவர் நான்கு பெயரையும் ஒன்றாகத்தான் தேடுவார். தேதி வரிசை என்று முடிவு செய்து, பெயரைக் கண்டுபிடிக்க நுழைவாயிலில் அகர வரிசைப் பட்டியல் ஒன்றும் வைத்தோம். வியட்நாம் சுவரிலும் இதே ஏற்பாடுதான். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இனி குறை. பெயர்ப்பட்டியல்.

இவ்வளவு யோசித்த குழு, பெயர்களை ஒரு எக்செல் தாளாக வாங்கிக்கொண்டு, அதை வடிவமைப்பு மென்பொருளில் கொட்டி, மொத்தச் சுவரையும் ஒரே பக்கத்தில் சுருக்கிய பிடிஎஃப் ஒன்றை அனுப்பி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மங்கியது. இனிஷியல் சில பெயர்களுக்கு முன்னால், சிலவற்றுக்குப் பின்னால், புள்ளி சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரில் ஒருவரை, இரண்டு முறை வந்துவிட்டது என்று நினைத்து யாரோ நீக்கியிருந்தார்கள். கேட்டால், நீங்கள் கொடுத்த தாளைத்தான் போட்டோம் என்று பதில், ஆனால் எங்கள் தாளில் அந்த இரண்டு வரியும் இருந்தது, அனுப்பிய மின்னஞ்சலும் இருக்கிறது. கல்லில் ஏறும் முன்னால் அந்தக் குடும்பத்தின் மகள் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். பிறகு நாங்களே ஒவ்வொரு பெயரையும் தனித்தனித் தாளில் பெரிதாக அச்சடித்து, அந்தந்தக் குடும்பத்துக்குக் கொடுத்து, இப்படித்தான் கல்லில் வரும் என்று கையெழுத்து வாங்கினோம். அது வடிவமைப்புக் குழு செய்திருக்க வேண்டிய வேலை, கட்டணத்திலும் அது சேர்ந்திருந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: வாஷிங்டனின் கொரியப் போர் நினைவிடத்தில் 2022-இல் பெயர்ச்சுவர் ஒன்றைச் சேர்த்தார்கள், பணமும் ஆளும் இல்லாத நாடா அது, திறந்த கொஞ்ச நாளில் நூற்றுக்கணக்கான பெயர்களில் எழுத்துப்பிழை இருப்பதாகவும் சில பெயர்கள் விடுபட்டிருப்பதாகவும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பழைய ஆவணத்தில் இருந்த பிழை அப்படியே கல்லுக்குப் போய்விட்டது. வடிவம் சுமாராக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போய்த் தூக்கம் கெட மாட்டார்கள், பெயரில் ஒரு எழுத்து தவறினால் அந்தக் குடும்பத்துக்கு மொத்த இடமும் வீண்.

இரண்டாவது, பட்டியல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே வடிவமைத்தது. சுவரின் பலகைகள் ஓரம் முதல் ஓரம் வரை நிரம்பியிருந்தன, சமச்சீராக, படத்தில் அற்புதமாக. வேலை பாதியில் இருக்கும்போது, ஆவணம் தாமதமாகக் கிடைத்த ஒரு பெயரைச் சேர்க்க வேண்டி வந்தது. அமைப்பு கெட்டுவிடும், பின்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைக்கலாமே என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தேதி வரிசையில் அவருக்குரிய இடத்தில்தான் பெயர் வர வேண்டும் என்று நின்றோம், ஒரு பலகையை மறுபடி வெட்டினார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்டார்கள்.

இதெல்லாம் முன்கூட்டியே தெரியாத விஷயமா? இங்கிலாந்தில் 2007-இல் திறந்த ஆயுதப்படை நினைவிடத்தில் இனி வரக்கூடிய சுமார் 15,000 பெயர்களுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றுச்சுவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்தான், ஆனால் அதுதான் நேர்மை. பெல்ஜியத்தின் மெனின் வாயில் என்ற நினைவிடத்தில், முதல் உலகப் போரில் இறந்து உடல் கிடைக்காத 54,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் உண்டு, யாருடைய உடலாவது பின்னால் அடையாளம் காணப்பட்டுக் கல்லறையில் அடக்கமானால் அங்கிருந்து பெயரை நீக்கலாம் என்பது நடைமுறை. வியட்நாம் சுவரில் ஒவ்வொரு பெயரோடும் ஒரு குறி இருக்கும், இறப்பு உறுதியானால் வைரக்குறி, காணாமல் போனவர் என்றால் சிலுவைக்குறி. காணாமல் போனவரின் எச்சம் கிடைத்தால் சிலுவைமேல் வைரத்தைச் செதுக்குவார்கள். உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் போடுவதாக ஏற்பாடு, இதுவரை ஒரு வட்டமும் போட வேண்டி வரவில்லை. பெயர்ச்சுவர் மாறிக்கொண்டே இருக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு வரைந்த வடிவங்கள் இவை.

டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் இதற்கு இன்னும் எளிதான வழி இருக்கிறது. 2019-இல் திறந்தது, வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வட்டங்கள், வடிவமைத்தது ஒரு சென்னை நிறுவனம் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அங்கே தியாக வட்டத்தின் சுவர்களில் வீரர் ஒருவருக்கு ஒரு தனிக் கிரானைட் பலகை, செங்கல் அளவில். ஒரு பெயரில் பிழை என்றால் அந்த ஒரு கல்லைக் கழற்றி மாற்றலாம், புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒரு கல்லைச் சேர்க்கலாம். எங்கள் குழுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பெரிய பலகை படத்தில் அழகாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. நான் மறுபடி ஒரு நினைவிடத்துக்கு ஆள் அமர்த்தினால் முதல் நிபந்தனை இதுதான், ஒரு பெயர் ஒரு கல்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருக்கைகள் முதலில் முதுகில்லாத கல் திண்ணைகளாக வரைந்திருந்தார்கள், வயதானவர்கள் உட்கார்ந்தால் எழ முடியாது என்றதும் மறுபேச்சில்லாமல் சாய்மானமும் கைப்பிடியும் வைத்தார்கள். சில இருக்கைகள் சுவரைப் பார்த்தும், சில முதுகு காட்டி மரங்களைப் பார்த்தும் இருக்கின்றன, இந்த யோசனைக்குத் தனிப் பாராட்டு. பாதையில் சரளைக்கல் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், வீல்சேருக்கும் செயற்கைக்காலுக்கும் அது எதிரி. படியே இல்லை, சாய்தளம் 12-க்கு 1 (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) என்ற வழக்கமான உச்சவரம்பைவிட மிகவும் மென்மையானது, ஏறுகிறோம் என்றே தெரியாது. சுவருக்கு அடியில் பூவும் கடிதமும் வைக்க ஒரு நீளமான விளிம்பு, மெழுகும் எண்ணெயும் கல்லில் ஊறிக் கறையாகும் என்பதால் அது மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கல். வியட்நாம் சுவரடியில் மக்கள் வைத்துவிட்டுப் போகும் பொருட்களை அந்நாட்டுப் பூங்காத் துறை எடுத்துப் பாதுகாக்கிறது, நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, கடிதங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைக்கிறோம்.

ஒரு யோசனையை நாங்கள் மறுத்தோம். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு நேரத்தில், சுவரின் இடைவெளி வழியாகச் சூரிய ஒளி நடுக்கல்மேல் விழும்படி செய்யலாம் என்றார்கள். இங்கிலாந்தில் நான் மேலே சொன்ன ஆயுதப்படை நினைவிடத்தில் நவம்பர் 11 காலை 11 மணிக்கு அப்படி விழும், அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்தம் என்ற ஊரிலும் அதே தேதியில் 11:11-க்கு ஐந்து தூண்களின் துளைகள் வழியாக வெளிச்சம் ஒரு வட்டமாக விழும்படி 2011-இல் அமைத்திருக்கிறார்கள். பார்க்க மெய்சிலிர்க்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் தேதி ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு நாளுக்காகக் கட்டிய இடமாக இது தெரியக் கூடாது என்று பெண்கள்தான் சொன்னார்கள். நல்லவேளை, குழு அதையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

நீர் அமைப்பு விஷயத்தில் மட்டும் எங்கள் பேச்சை அவர்கள் கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் சாலை இரைச்சலை மறைக்கும் என்று ஒரு மெல்லிய நீர்த்தகட்டை வைத்தார்கள். சத்தத்தை மறைப்பது உண்மைதான், முதல் சில வாரங்கள் அருமையாக இருந்தது. பிறகு பாசி, இலை அடைப்பு, பம்ப் பழுது, இப்போது அடியில் எங்கோ கசிவு. இதைப் பராமரிக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னால் பம்ப் கம்பெனியின் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தார்கள். கல்லை எதைக் கொண்டு கழுவுவது, எதைக் கொண்டு கழுவக் கூடாது, இணைப்புகளில் பூசிய பசையை எப்போது மாற்றுவது, விளக்கு எந்த அளவு, எதுவும் இல்லை. ஒப்படைப்பு என்பது சாவிக்கொத்தும் கைகுலுக்கலும்தான். கழுவ வந்த ஆள் ஆசிட்டைக் கையில் எடுத்தபோது தற்செயலாக நான் அங்கே இருந்தேன்.

பராமரிப்புக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்க வேண்டும் என்றும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1986-இல் வந்த நினைவுச்சின்னச் சட்டப்படி, தலைநகரத்தின் மத்திய அரசு நிலத்தில் நினைவுச்சின்னம் எழுப்புகிறவர்கள் கட்டுமானச் செலவில் 10 சதவீதத்தைப் பராமரிப்புக்குத் தனியாகக் கட்டிய பிறகுதான் அனுமதியே கிடைக்கும். இந்த மாதிரி வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள் இதை முதல் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் கொட்டேஷனைப் பார்த்து, இருந்த பணத்தையெல்லாம் கல்லிலேயே போட்டுவிட்டோம்.

இவர்களைப் பரிந்துரைப்பேனா? இடத்தைப் பார்ப்பதற்கும், கல்லுக்கும், எழுத்துக்கும், விளக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம். பெயர்ப்பட்டியல் வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள், உங்கள் ஆட்களில் பொறுமையான இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒவ்வொரு பெயரும் உண்மையான அளவில் அச்சாகி வராமல் செதுக்கும் பட்டறைக்கு எதுவும் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பிழை வந்தால் யார் செலவில் மாற்றுவது என்றும் எழுதுங்கள். கடைசித் தவணையைப் பராமரிப்புக் கையேடு கையில் வரும் வரை பிடித்து வையுங்கள், எங்கள் தவணையில் பாதி இன்னும் எங்களிடம் இருக்கிறது, அதனால்தான் எப்போதாவது ஒரு மின்னஞ்சலுக்காவது பதில் வருகிறது. நீர் அமைப்பு வைக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கசிவைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்து சரிசெய்தால் அரை மார்க் கூட்டி, இதே பதிவில் திருத்துகிறேன்.